சித்திரக்கதை வாசகர்களிடம் இன்று படிப்பதைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும் ஜனவரியிலும் ஈரோடு புத்தகத் திருவிழா நடக்கும் ஆகஸ்டிலும் காமிக்ஸ் வாசகர்களைப் பற்றித் தமிழ் நாளிதழ்கள் எழுதுவது வழக்கமாகிவிட்டது. அக்கறையோடு எழுதப்படும் கட்டுரைகள்தாம் அவை. எங்களையும் ஒரு பொருட்டாக மதித்துத் தேடிவந்து பேசும் செய்தியாளர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஏறத்தாழ எல்லாக் கட்டுரைகளிலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: சிறுவயதில் எதைப் படித்தீர்கள்? விடையும் மாறுவதில்லை. இரும்புக்கை மாயாவி, வேதாளர், மாண்ட்ரேக் என்ற பழைய காமிக்ஸ் நாயகர்கள், கோடை விடுமுறை, வாடகை நூல் நிலையம், பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்த சாகசம். அதே வாசகர் போன மாதம் எதைப் படித்தார், எதை நண்பருக்குக் கொடுத்தார், எதைப் பாதியில் மூடி வைத்தார் என்று யாரும் கேட்பதில்லை. இதனால், காமிக்ஸ் என்பது 1980-களோடு முடிந்துபோன ஒரு பழக்கம், இப்போது மிச்சமிருப்பது அதன் நினைவு மட்டுமே என்று கட்டுரையைப் படிக்கும் புதியவர் எண்ணிக்கொள்கிறார். ஆர்வம் மேலிட்டு அரங்குக்குள் நுழைந்தாலும், கட்டுரையில் கண்ட பழைய பெயரையே கேட்டு வாங்கி, நாலு பக்கம் புரட்டி, இதற்குத்தானா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று வைத்துவிடுகிறார்.

பழையதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸும், 1984-இல் அதே ஊரிலிருந்து லயன் காமிக்ஸும், அதே ஆண்டில் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸும் வந்திராவிட்டால், சித்திரக்கதை படிக்கும் ஒரு தலைமுறையே தமிழில் உருவாகியிருக்காது. முத்து காமிக்ஸின் முதல் இதழின் நாயகனான இரும்புக்கை மாயாவி எப்படிப்பட்டவர் என்பதை மறந்துவிட்டுப் புதியவருக்கு அவரைப் பரிந்துரைப்பதுதான் சிக்கல். மின்சாரம் பாய்ந்தவுடன் உடல் முழுதும் மறைந்து, இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும் அந்த மனிதர், 1962-இல் பிரிட்டனின் 'வேலியண்ட்' என்ற சிறுவர் வார இதழில் பிறந்தவர். வாரத்துக்கு ஓரிரு பக்கங்களே இடம் என்பதால், அந்தப் பக்கங்களின் கடைசிக் கட்டத்தில் நாயகனை ஏதேனும் ஓர் ஆபத்தில் தள்ளியே தீர வேண்டும். அடுத்த வாரத்து முதல் கட்டத்தில் அவரை மீட்டாக வேண்டும். வாரக்கணக்கில் காத்திருந்து படித்த சிறுவனுக்கு அது சுகம். அதையே ஒரு புத்தகமாகக் கோத்து ஒரே அமர்வில் படிக்கும் இன்றைய வாசகருக்கு, இரண்டு பக்கத்துக்கு ஒரு முறை கதை குலுங்கி நின்று மீண்டும் புறப்படுவது போல் இருக்கிறது. தினத்தந்தியில் 1960 முதல் நாள்தோறும் வந்துகொண்டிருக்கும் கன்னித்தீவை ஐந்நூறு நாள்களுக்குச் சேர்த்து வைத்து ஒரே இரவில் படித்துப் பார்த்தால், நான் சொல்வது விளங்கும். ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியர் வரைந்த மாயாவியின் நிழல்களும் முகங்களும் இன்றும் நிமிர்ந்து நிற்கின்றன. ஓவியம் பயில்பவருக்கு அதைத் தயங்காமல் காட்டலாம். ஆனால் காமிக்ஸே படித்திராத ஒருவர் கையில் முதல் புத்தகமாக அதைத் திணிப்பது, நம் இளமையை அவர் மேல் ஏற்றிவைப்பதாகவே முடிகிறது.

ஆகவே, இன்று நானும் எனக்குத் தெரிந்த வாசகர்களும் உண்மையில் படித்துக்கொண்டிருப்பவற்றையும், யாருக்கு எதைக் கொடுக்கலாம் என்று எங்களுக்குள் பேசிக்கொள்பவற்றையும் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலிடம், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், டெக்ஸ் வில்லருக்குத்தான். ஜியான் லூயிஜி பொனெல்லி எழுத, அவுரேலியோ கல்லெப்பினி வரைய, 1948-இல் இத்தாலியில் தொடங்கிய இத்தொடர் இன்றும் மிலான் நகரத்திலிருந்து மாதம் தவறாமல், ஏறத்தாழ 110 கருப்பு வெள்ளைப் பக்கங்களாக வந்துகொண்டிருக்கிறது. தமிழில் 1980-களிலேயே அறிமுகமாகி, இன்று லயன், முத்து காமிக்ஸுக்கு நாங்கள் செலுத்தும் ஆண்டுச் சந்தாவின் முதுகெலும்பாகவே ஆகிவிட்டது. டெக்ஸ் ஒரு ரேஞ்சர், அதாவது பழைய அமெரிக்க மேற்குப் பகுதியின் சட்டக் காவலர். அதே நேரத்தில் நவஹோ பழங்குடியினரின் தலைவர், அவர்களுக்கு இரவுக் கழுகார். கூடவே நரைத்த கிட் கார்சன், மகன் கிட், நவஹோ வீரன் டைகர் ஜாக். வெள்ளையர் எழுதிய கௌபாய் கதைகளில் பழங்குடியினர் பெரும்பாலும் சுடப்படுவதற்கென்றே குதிரையேறி வந்த காலத்தில், அவர்கள் பக்கம் நின்று இராணுவ அதிகாரியையும் நில முதலாளியையும் எதிர்க்கும் நாயகனை இத்தாலியர் உருவாக்கினர் என்பதே இத்தொடர் மேல் எனக்குள்ள மதிப்புக்கு முதற்காரணம். குறையும் உண்டு. டெக்ஸ் தோற்பதே இல்லை. துப்பு கிடைக்காத இடத்தில் யாரையாவது நாலு குத்துக் குத்தினால் உண்மை தானாக வந்துவிடுகிறது. பத்துக் கதைகளைத் தொடர்ந்து படித்தவருக்குப் பதினோராவது கதையின் போக்கு முன்பே தெரிந்துவிடும். இருந்தும், வேலை முடித்துக் களைத்து வந்து ஒரு முழுக்கதையை இரண்டு மணி நேரத்தில் படித்து முடிக்க நினைப்பவருக்கு இதைவிட நம்பகமான துணை கிடையாது. ஜெய்சங்கர் தொப்பியும் துப்பாக்கியுமாகக் குதிரையேறிய படங்களை இரசித்த எந்தப் பெரியவரிடமும் இதைக் கொடுத்துப் பாருங்கள். அடுத்த இதழை அவரே கேட்பார்.

டெக்ஸைப் படித்துச் சலித்தவருக்குக் கேப்டன் டைகர். இங்கேதான் எங்களுக்குள் ஆண்டுக்கணக்காக ஓயாத வழக்கு ஒன்று நடக்கிறது. டெக்ஸ் பெரியவரா, டைகர் பெரியவரா என்று கேட்டால் நண்பர்கள் தேநீர் ஆறும்வரை வாதாடுவார்கள். என் தீர்ப்பு டைகருக்கே. பிரெஞ்சு இதழான 'பிலோத்'தில் 1963-இல் ழான் மிஷெல் ஷார்லியே எழுதி, ழான் ஜிரோ வரைந்த புளுபெரி என்ற இராணுவ அதிகாரிதான் தமிழில் கேப்டன் டைகர் ஆனார். முதலில் நடிகர் ழான் போல் பெல்மோண்டோவின் சாயலில் வரையப்பட்ட இந்த மனிதர், மேலதிகாரியை மதிக்காதவர், குடிப்பவர், சீட்டாட்டத்தில் ஏமாற்றத் தயங்காதவர். ஆனாலும் கடைசி நேரத்தில் தன் நலத்தை விட்டுக் கொடுத்து நிற்கும்போது நாம் நம்புகிறோம், ஏனென்றால் அவர் தோற்பதையும் அவமானப்படுவதையும் பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டோம். டைகரைத் தொடங்குபவர்களுக்கு 'மின்னும் மரணம்' என்ற குண்டு புக்கை, அதாவது பருமனான தொகுப்பை, எடுத்த எடுப்பில் நீட்டுவது எங்களில் பலருக்கு வழக்கம். நான் அதற்கு உடன்பட மாட்டேன். அது பல ஆல்பங்களை, அதாவது தனித்தனிப் புத்தகங்களாக வந்த பாகங்களைக் கோத்த நெடுங்கதை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலக் கூட்டமைப்பின் தங்கம், மெக்சிகோ, துரோகம், சிறை, பழி என்று விரியும் கதையைச் சுவைக்க டைகர் யாரென்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். தொடங்குவதற்கு ஏற்றது 'தங்கக் கல்லறை'. அரிசோனா பாலைவனத்தில் தொலைந்துபோன ஒரு தங்கச் சுரங்கம், அதைக் கண்டதாகச் சொல்லும் ஒரு ஜெர்மானிய ஏமாற்றுக்காரன், பின்தொடர்ந்து வந்து தங்கத் தோட்டாக்களால் சுடும் ஓர் உருவம். இரண்டே பாகம். ஜிரோவின் பாறைகளும் வெயிலும் மட்டுமே விலைக்குத் தகும். இதே ஓவியர் பின்னாளில் மோபியஸ் என்ற பெயரில் அறிவியல் புனைவுகளை வரைந்து உலகப் புகழ் பெற்றார் என்பதைச் சொன்னால், கௌபாய் என்றாலே முகம் சுளிக்கும் கல்லூரி மாணவர்களும் வாங்கிப் பார்க்கிறார்கள்.

'இரத்தப் படலம்' பற்றிச் சொல்லாமல் எங்கள் உரையாடல் எதுவும் முடிவதில்லை. கழுத்தெலும்பின் அருகே XIII என்ற பச்சைக் குத்தோடு, நினைவிழந்த நிலையில் கடற்கரையில் ஒதுங்கும் ஒருவன். அமெரிக்க அதிபரைக் கொன்றவன் அவன்தானா என்ற ஐயம். வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைந்து 1984-இல் பெல்ஜியத்தில் ஆல்பமாகத் தொடங்கிய இக்கதை, தமிழில் 1980-களிலிருந்து பாகம் பாகமாக, இடைவெளி விட்டு விட்டு வந்து, 2010-இல் கருப்பு வெள்ளையில் ஒரே பெருந்தொகுப்பாகவும், பிறகு வண்ணத்திலும் வெளியானது. ஆண்டுக்கணக்கில் அடுத்த பாகத்துக்காகக் காத்திருந்தவர்கள் அதைக் காவியம் என்கிறார்கள். காத்திருப்பின் சுவையை எல்லாம் கழித்துவிட்டு இன்று ஒரே மூச்சில் படிப்பவருக்கு, முதல் ஐந்து பாகங்கள் பிரமாதம், நடுவில் சில பாகங்கள் இழுவை என்பதே என் கணிப்பு. நாயகனுக்கே பெயர்கள் மாறிக்கொண்டிருக்க, தளபதிகளும் உளவுத்துறையினரும் சதிகாரர்களும் வரிசையாக வருவதால், பெயர்களை ஒரு துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டு படிப்பதே நலம்; என் நண்பர்களில் பலர் அப்படித்தான் படித்தார்கள், ஒப்புக்கொள்ளத்தான் மாட்டார்கள். பதினெட்டாம் ஆல்பத்தை மட்டும் வான்ஸுக்குப் பதிலாக டைகரை வரைந்த அதே ஜிரோ வரைந்திருக்கிறார் என்பது, இரண்டையும் படித்தவர்கள் நின்று பார்க்க வேண்டிய இடம். துப்பறியும் நாவல்களில் ஊறியவருக்கு மட்டும் இதைப் பரிந்துரைப்பேன். மற்றவர்களுக்கு இது இரண்டாம் ஆண்டுப் பாடம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பது என்று பெற்றோர் கேட்கும்போது நான் தயங்காமல் சொல்வது லக்கி லூக். பெல்ஜிய ஓவியர் மோரிஸ் 1946-இல் படைத்து, 1955 முதல் 1977 வரை கோசினி எழுதிய இக்கதைகளில், தன் நிழலைவிட வேகமாகச் சுடும் நாயகனைவிடவும் டால்டன் சகோதரர்களே என்னைச் சிரிக்கவைப்பவர்கள்: குள்ளமான மூத்தவனுக்கு எப்போதும் கோபம், நெட்டையான இளையவனுக்கு எப்போதும் பசி. 46 பக்கம், வண்ணம், பெரிய எழுத்து. பத்து வயதுப் பிள்ளை தானாகவே படித்துவிடும், படிக்கும் சத்தம் கேட்டு அப்பாவும் வந்து உட்கார்ந்துவிடுவார். நாயகனின் உதட்டில் இருந்த சிகரெட்டை 1983-இல் மோரிஸ் நீக்கி ஒரு புல்லை வைத்ததும், அதற்காக 1988-இல் உலக சுகாதார நிறுவனம் அவரைப் பாராட்டியதும் பெற்றோருக்கு மேலும் நிம்மதி தரக்கூடும். ஷெரீப்பும் டெபுடியும் ஓயாமல் சண்டையிட்டுக்கொள்ளும் சிக் பில் கதைகளும் இதே வகை. சிரிப்பு கொஞ்சம் உரத்தது.

அரச கதைகளிலும் சரித்திர நாவல்களிலும் மனம் தோய்ந்தவர்களுக்குத் தோர்கல். வைக்கிங்குகளால் கடலில் கண்டெடுத்து வளர்க்கப்பட்ட ஒருவன், மனைவி மக்களோடு நிம்மதியாக வாழ ஒரு மூலை தேடுகிறான். கடவுளரும் மன்னரும் அவனை விடுவதில்லை. வான் ஹாம் எழுதி, போலந்துக்காரரான ரொசின்ஸ்கி 1977 முதல் வரைந்தது. சாகச நாயகன் சாகசமே வேண்டாம் என்று மன்றாடும் கதை என்பதால், சண்டைக் காட்சிகளில் விருப்பமில்லாத என் உறவினர் ஒருவர்கூட இதை விடாமல் படிக்கிறார்.

எங்கள் வட்டத்தின் பரிந்துரைகளில் ஒரு பெருங்குறை உண்டு. அவை பெரும்பாலும் ஆண்கள், அதிலும் நாற்பதைக் கடந்தவர்கள், தங்களைப் போன்றவர்களுக்கே செய்யும் பரிந்துரைகள். பட்டியலில் குதிரையும் துப்பாக்கியும் இல்லாத புத்தகத்தைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. லயன் காமிக்ஸின் முதல் இதழே மாடஸ்டி பிளைசி என்ற பெண்ணை நாயகியாகக் கொண்டது என்பது எங்களுக்கே அடிக்கடி மறந்துவிடுகிறது. குற்றவியலாளரான ஜூலியாவின் துப்பறியும் கதைகளும் தமிழில் வந்திருக்கின்றன. அடிதடியைவிட மனித மனத்தை அலசுவதில் அக்கறை கொண்ட இத்தாலியத் தொடர் அது. அவற்றுக்கு எங்களிடையே கிடைத்த வரவேற்பு அதற்குரிய அளவில் இல்லை என்பது என் வருத்தம்.

இலக்கிய வாசகர்கள், அதாவது காமிக்ஸ் என்றதும் புன்னகைத்து விலகுபவர்கள், இரண்டு நூல்களையாவது படிக்க வேண்டும். ஒன்று 'நிஜங்களின் நிசப்தம்'. பிலிப் குளோதெல் எழுதிய பிரெஞ்சு நாவலை மனு லார்செனே கருப்பு வெள்ளையில் சித்திரமாக்கியது. போருக்குப் பிந்தைய ஒரு மலைக் கிராமம், ஊருக்கு வந்த அந்நியனைச் சேர்ந்து கொன்றுவிட்டு, அதை நியாயப்படுத்தும் அறிக்கையை எழுதும்படி ஒருவனைப் பணிக்கிறது. அவனோ வதைமுகாமிலிருந்து திரும்பியவன். பல பக்கங்களில் ஒரு சொல்கூட இல்லை, பனியும் மரங்களும் முகங்களும்தான். அதைப் படித்த இரவில் எங்கள் நண்பர்களில் சிலர் இது எதற்கு நமக்கு என்று சினந்துகொண்டார்கள். சிலர் இதற்காகத்தான் இத்தனை ஆண்டு காமிக்ஸ் படித்தோம் என்றார்கள். நான் இரண்டாம் கட்சி. மற்றொன்று, ஈரானியப் புரட்சிக் காலத்தில் தன் சிறுமிப் பருவத்தை மர்ஜான் சத்ரபி வரைந்து எழுதிய தன்வரலாறு. அதுவும் தமிழில் இரு பகுதிகளாக வந்திருக்கிறது. சித்திரக்கதை என்றால் சிறுவர் பகுதி என்று நூலகங்களில் அடுக்கிவைக்கும் வழக்கத்தை இந்த இரண்டும் பொய்யாக்கும். சிறுவர்களிடம் இவற்றைக் கொடுக்கவும் கூடாது. பெருநிறுவன வாரிசான லார்கோ வின்ச்சின் கதைகளும் அப்படித்தான், பெரியவர்களுக்கு உரியவை.

எங்களுக்குள் ஆறாத மற்றொரு சண்டை மறுபதிப்பு. மாயாவியையும், ஸ்பைடர் என்ற மற்றொரு பழைய பிரிட்டிஷ் நாயகனையும் மீண்டும் அச்சிட வேண்டுமா, அந்தத் தாளுக்கும் மைக்கும் புதிய தொடர் ஒன்றைக் கொண்டுவர வேண்டுமா என்பது. இரு தரப்பிலும் நியாயம் உண்டு. மறுபதிப்பு விற்றால்தான் புதியதைத் துணிந்து வாங்கப் பதிப்பகத்துக்குப் பலம் வரும் என்கிறார்கள் ஒரு சாரார். ஆனால் பரிந்துரை என்று வரும்போது, கைக்குக் கிடைக்காததைப் புகழ்வது எனக்கு உடன்பாடில்லை. காமிக்ஸ் பெட்டிக்கடைகளிலும் பேருந்து நிலையக் கடைகளிலும் தொங்கிய காலம் போய்விட்டது. இன்று சந்தா செலுத்துபவர்களுக்கும் புத்தகக் காட்சிக்கு வருபவர்களுக்கும் குறிப்பிட்ட சில கடைகளுக்கும் மட்டுமே இதழ்கள் போய்ச் சேருகின்றன. அச்சடிக்கும் பிரதிகளும் குறைவு. தீர்ந்துபோன இதழ் பழைய புத்தகச் சந்தையில் பன்மடங்கு விலைக்குப் போகிறது. அப்படிப்பட்ட ஓர் இதழைக் குறிப்பிட்டு, அதைப் படிக்காதவன் வாழ்வே வீண் என்று புதியவரிடம் பேசுவது பரிந்துரை அல்ல, தன் அலமாரியின் பெருமை.

எனவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். வாரந்தோறும் தாங்கள் வெளியிடும் நூல் அறிமுகப் பக்கத்தில், மாதத்துக்கு ஒரு முறையேனும், சித்திரக்கதை வாசகர் ஒருவர் அம்மாதம் படித்ததைப் பற்றி எழுதச் சிறு இடம் ஒதுக்கலாம். கதையை எழுதியவர், வரைந்தவர், தமிழாக்கியவர் பெயர்களோடு, எந்த வயதினருக்கு ஏற்றது, தொடராயின் எங்கே தொடங்குவது, இப்போது எங்கே கிடைக்கும் என்ற விவரங்கள் கட்டாயம் இருக்க வேண்டும். புகழுரை மட்டும் எழுதி அனுப்புபவர்களிடம், அந்தப் புத்தகத்தில் பிடிக்காத ஒன்றையாவது சேர்த்து எழுதும்படி தாங்கள் கேட்டு வாங்க வேண்டும். எங்கள் ஆட்களை நான் அறிவேன், கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள். முதல் சில மாதங்களுக்கு இருபது, முப்பது வயதிலுள்ள வாசகர்களையும் பெண்களையும் எழுதவைத்துவிட்டுப் பிறகு எங்களைப் போன்ற பழைய ஆட்களை அழைத்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கோபிசெட்டிபாளையம்